சின்னப்பராஜின் இன்ஜின்

"விரலை அங்கயே வெச்சுட்டு நிக்காதீங்க! தட்டுன உடனே கையை எடுத்துரோணும். இல்லீன்னா திருப்பி அடிக்கும்."

கஸ்பார் திரும்பிப் பார்த்தார். கொல்லைக் கதவுக்கு வெளியே ஓர் இளைஞன் நின்றிருந்தான்.

"யாருப்பா நீ?"

"சென்னியப்பனுங்க. திருச்செங்கோட்டுப் பக்கம். சின்னப்பராஜோட சேந்து பொம்மை ஏரோப்ளேன் உட்டவனுங்க."

மகனின் பெயரைக் கேட்டதும் கஸ்பார் தட்டுவதை நிறுத்தினார். பலகையில் திருகி வைத்திருந்த குட்டி இன்ஜினைக் காட்டினார். தீப்பெட்டி அளவுதான். முன்னால் மர விசிறி.

"நாளைக்கு அவனோட முப்பதாம் நாள் பூசை, தம்பி. அதுக்குள்ள ஒரு தடவையாவது இது ஓடுற சத்தத்தைக் கேட்டுடணும். காலையிலேர்ந்து தட்டுறேன்."

"என்ன ஊத்துனீங்க?"

"அவன் நோட்டுல எழுதியிருந்தபடிதான். மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர்." கஸ்பாரின் குரல் இறங்கியது. "கம்பவுண்டர் மகன் ஆஸ்பத்திரி ஈதரைத் திருடலாமான்னு அறைஞ்சேன். பிளேனை மிதிச்சு உடைச்சேன். இன்ஜினை எடுத்துக்கிட்டு வெளிய போனவன்தான்..."

"தப்பு அவன் மேலதானுங்க. அந்த வாசத்துக்கு எங்கூட்டு எருமை ரெண்டு நாளா கறக்கவே உடலீங்க."

கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

"உள்ள வா. நீயே தட்டிக் காட்டு."

"நான் சொல்றேன், நீங்க பண்ணுங்க. மேல இருக்கற திருகை அரைச் சுத்துத் தளத்துங்க. பக்கத்து ஓட்டையில ரெண்டு சொட்டு உடுங்க. ம், இப்பத் தட்டுங்க."

தட்டினார். விசிறி எதிர்ப்பக்கமாக உதறி ஆள்காட்டி விரலைக் கீறியது. கசிந்த ரத்தத்தையே கஸ்பார் வெறித்தார்.

"இதே இடம். வாய்க்கால்ல மூணு நாள் கிடந்த உடம்பு, தம்பி. முகமே தெரியலை. சட்டைப் பையில இந்த இன்ஜின். வலது ஆள்காட்டி விரல்ல இதே மாதிரி வரிசையா வெட்டு. என் மகன்தான்னு போலீசுக்குக் கையெழுத்துப் போட்டேன்."

சென்னியப்பன் தன் வலது ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டான்.

"இன்னொருக்காத் தட்டுங்க. இடது கையில. வலது கை திருகு மேலயே இருக்கட்டும். சின்னப்பராஜு அப்படித்தானுங்க பண்ணுவான்."

இரண்டாவது தட்டில் இன்ஜின் வீறிட்டது. புகை எழுந்தது. பலகை அதிர்ந்தது.

"ஓடுது! ஓடுது!" என்று கூவிய கஸ்பார், சட்டென்று நிறுத்தினார். "இடது கையிலயா? எழுதறது, சாப்பிடறது எல்லாம் வலது கையாச்சே?"

"இதுக்கு மட்டும் இடதுங்க. நீங்க ஒரு நாளாச்சும் நின்னு பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். அவன் வெட்டெல்லாம் இடது விரல்லதான். அன்னிக்கு இன்ஜினை எங்கிட்டக் குடுத்துப்போட்டு, சங்ககிரியில பம்பாய் லாரி ஏறிட்டானுங்க. கோவம் தீந்தா வந்துருவான்."

கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"உயிரோட இருக்கானா? அப்போ... நான் யாரைப்பா அடக்கம் பண்ணினேன்?"

"சிலுவையில அவன் பேரை அழிச்சுட்டு, சென்னியப்பன்னு எழுதிப்போடுங்க. எங்க ஆத்தா பொன்னாத்தாளுக்கும் ஒரு காயிதம் போட்டுருங்க; இன்னும் தெனமும் எனக்கும் சேத்துத்தான் சோறாக்கிட்டு இருக்குது."