முதல் தர மண்

தோட்டக்கலை மாலை வகுப்பில் சொன்னபடி பதினான்கு மாதம் காய்கறித் தோலும் சருகும் போட்டு, பால்கனித் தொட்டியில் மண்ணைத் தேற்றியிருந்தாள் வடிவு. போட்ட ஒவ்வொரு பிடியையும் நோட்டில் எழுதிவைத்தாள். அதில் நட்ட கத்தரிச் செடி மொட்டு விட்ட பிறகும் எதையோ தப்பாகச் செய்கிறோம் என்றே அவளுக்குப் பட்டது. அதனால் ஒரு கரண்டி மண்ணைச் சோதனைக்கு அனுப்பினாள். முதல் தர மண் யாரிடம் இருந்தாலும் அரசு அதைப் பொது வயலுக்கு எடுத்துக்கொள்ளும் என்ற சட்டம் அவளுக்குத் தெரியும். தன் மண் அந்தத் தரத்துக்கு வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

நான்காம் நாள் மண்வளத் துறை ஊழியர் சாக்கோடு வந்தார்.

“இந்தத் தெருவுலயே ஒன் மண்ணுலதான் உசுரு இருக்கு, தங்கச்சி.”

“ஒரு மாசம் பொறுங்க அண்ணாச்சி. ஒரு காயாவது காய்க்கட்டும்.”

“ஒன்கிட்ட யாரு கேட்டா? நீயாத்தான அனுப்புன?”

அவர் செடியைப் பிடுங்கி, வேர் அறாமல் மண்ணைச் சாக்கில் உதிர்த்தார். நெளிந்த மண்புழுக்களையும் பொறுக்கிச் சாக்கில் போட்டார்.

“செடி ஒனக்குத்தான். தண்ணியில வச்சா ரெண்டு நாள் தாங்கும்.”

பிறகு கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார். இரண்டு கையிலும் செடியை ஏந்தியிருந்த வடிவு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.