வெறுங்கை

நெலீதாவின் கால்கள் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கின்றன. மொண்டெவிடேயோ துறைமுகத்துப் பனிமூட்டம், ஆய்வுக்கூட ஜன்னலைச் சாம்பல்நிறமாக்கியிருக்கிறது. கட்டிலில் கிழவர் வில்மார், ஒரு காலத்தில் கப்பல் மூட்டை தூக்கியவர், நேற்றிலிருந்து பட்டினி. பட்டினியில் தசை எப்படிக் கரைகிறது என்று பார்க்க அவர் தொடையில் அரிசியளவு சதை எடுக்க வேண்டும். அதற்குமுன் துளி புரதம் உள்ளே போனாலும் எல்லாம் பாழ். அவளுடைய ஆய்வுக்கு ஒப்புக்கொண்டவர்களில் மிச்சம் இவர் ஒருவர்தான். சதை எடுக்கும் டாக்டரை இன்னும் காணோம். இடது கக்கத்தில் ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, குடுக்கையிலிருக்கும் மாத்தே என்கிற அந்த ஊர்த் தேயிலைமேல் சுடுபாலை ஊற்றிக் குழலால் உறிஞ்சியபடி நெலீதா கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறாள். வயிற்றுப்புண் வந்ததிலிருந்து வெந்நீருக்குப் பதில் பால்தான்.

"ஏம்மா, சதை போகப்போறது எனக்கு. நீ எதுக்குக் குட்டி போட்ட பூனையாட்டம் அலையுற?"

சிரித்தபடி கட்டிலருகே நின்று குடுக்கையை மறுபடி நிரப்புகிறாள். குடித்தவர் குடுக்கையை நிரப்பிப் பக்கத்திலிருப்பவர் கையில் கொடுக்கிற ஊர். கொடுக்கும்போது யாரும் யோசிப்பதில்லை, வாங்க மறுப்பதும் வழக்கமில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம். "வந்துட்டாரு!" என்று கதவுக்கு ஓடுகிறாள். முதுகுக்குப் பின்னால், குடுக்கையின் அடிவரை உறிஞ்சும்போது எழுகிற அந்தக் கொரகொர சத்தம்.

"அடடா, பாலா! இன்னொண்ணு ஊத்து தாயி."

நெலீதா, குடுக்கை இருந்த தன் வலது கையைப் பார்க்கிறாள்.