அப்பாவின் எழுத்தளவு

மாரீஸ்வரி கம்பம் திராட்சை விற்க இணையதளம் நடத்தினாள். பார்வை மங்கிவந்த அப்பாவுக்காக, திறப்பவரின் கண்ணுக்கேற்ற எழுத்தளவைச் சர்வரே ஒவ்வொரு முறையும் உருவாக்கும்படி செய்திருந்தாள். அதனால் பக்கம் தாமதமாகத்தான் திறக்கும். அப்பா இறந்தபின் அந்த ஏற்பாட்டை அழித்து, எல்லோருக்கும் ஒரே அளவை வைத்தாள். பக்கம் சட்டென்று திறந்தது.

பண்ணைப்புரத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள். "ஆத்தா, ஒங்கப்பா போன்ல மட்டும் எழுத்து பெருசாயிக்கிட்டே போகுது."

மாரீஸ்வரி பயந்துபோய்ச் சர்வரையே நிறுத்தினாள். தளம் எங்கும் திறக்கவில்லை. ஊருக்குப் போய் அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தாள். அதில் மட்டும் தளம் திறந்தே இருந்தது; ஒரே எழுத்தின் கோடு திரை முழுவதையும் அடைத்துக் கன்னங்கரேலென்று நின்றது.

"இன்னுங்கொஞ்சம் பெருசாக்கு ஆத்தா," என்றாள் அம்மா. "கண்ணு தெரியாமத் தடுமாறிக்கிட்டு இருப்பாக."