முதுகில் பட்டது

பட்.

சத்தம் அவள் முதுகில் கேட்டது.

அவன் திரும்பினான். பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் மிருதுளா குனிந்து உட்கார்ந்திருந்தாள். முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"முதுகுல பாருங்க. உடைஞ்சிருக்குதா?"

உடைந்திருந்தது.

பச்சைச் சட்டையில், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சுச் சாயம். மெல்ல வழியத் தொடங்கியிருந்தது.

பெயின்ட்பால் ஆட்டம் தொடங்கும்போதே நடுவர் சொல்லியிருந்தார். துப்பாக்கியிலிருந்து வரும் சாயக் குண்டு பட்டால் மட்டும் அவுட் இல்லை. உடைந்து சாயம் ஒட்ட வேண்டும். ஒட்டினால் கையைத் தூக்கிக்கொண்டு நீங்களே வெளியே போக வேண்டும். முதுகு உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பக்கத்தில் இருப்பவன் அவன்தான். அவர்கள் அணியில் மிச்சம் இருப்பது இரண்டே பேர்.

கொடி எதிரே தெரிந்தது. ஒரு மொட்டைத் தென்னைமரத்தில் கட்டியிருந்தார்கள். அவள் ஓடினால் தொட்டுவிடுவாள். அவன் ஓடினால் பாதியில் விழுவான்.

"சீக்கிரம் சொல்லுங்க. ஒரே ஓட்டமா ஓடிருவேன்."

அவன் கை தானாக முன்னால் நீண்டது. அவன் போட்டிருந்தது முழுக்கைச் சட்டை. பார்ப்பதுபோல அந்தக் கையால் ஒரு தடவு தடவினால் போதும். ஈரச் சாயம் துடைந்துபோய் அவள் முதுகு வெறும் பச்சையாகிவிடும்.

நடுவர் தோப்பின் அந்தக் கோடியில் நின்றார்.

கொட்டகையில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. அவள் அப்பா, சித்தப்பா. அவன் அம்மா. காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெண் பார்க்க வருகிறோம் என்று அவன் வீட்டார் சொன்னபோது, வீட்டுக்கு வேண்டாம், இங்கே வாருங்கள், ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் பேசலாம் என்று பெண்தான் சொல்லியனுப்பியிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் பதில் சொல்லிவிடுவாளாம்.

காரில் வரும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "இன்னிக்கு ஒரு நாளாச்சும் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு சாமி."

போன தடவை போன வீட்டில், பெண் வரைந்தது என்று சுவரில் ஒரு படத்தைக் காட்டினார்கள். மயிலா சேவலா என்று கேட்டுவிட்டான். அதற்கு முந்தைய வீட்டில் வேறொன்று. வயது முப்பத்து நாலு ஆகிவிட்டது.

இந்த முறை அவனும் வாயை அடக்கிக்கொள்ளத்தான் நினைத்தான். முகக்கவசத்தைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நின்றவனிடம் சிரிக்காமல் கையை நீட்டி வாங்கி, நேராகத் திருப்பிக் கொடுத்தாளே. அப்போதே அவன் பக்கத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது.

"ஏனுங்க, இருக்குதா இல்லீங்களா?"

அவன் நிமிர்ந்து திரும்பினான். பின்பக்கம், வேறொரு தென்னைக்கு அருகில், அவள் தம்பி நிரஞ்சன் நின்றான். எதிரணி. சுட்டவன் அவன்தான்.

மறைவு இல்லாமல் நின்றுகொண்டிருந்த இவனை அவன் சுடவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு சும்மா நின்றான்.

ஏன் என்று யோசிக்க நேரமில்லை.

"உடைஞ்சிருக்குங்க."

அவள் தலை மட்டும் திரும்பியது.

"நல்லாப் பாத்தீங்களா?"

மறுபடியும் ஒரு வாய்ப்பு. அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

"பாத்தேன். ஆரஞ்சு. நீங்க அவுட்டு."



அவள் எழுந்தாள். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவள் ஆட்டத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டிய மறுநொடி நிரஞ்சன் சுட்டான். இரண்டு குண்டு. இரண்டும் இவன் மார்பில் உடைந்தன.

யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கையைத் தூக்கினான்.

அவன் கொட்டகைக்கு வந்தான். அவள் சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"கொடிகிட்டப் போயிக் கோட்டை உட்டுட்டீங்களே தம்பி. பேசாம அவள ஓட உட்ருக்கலாமுல்ல?"

அம்மா அவனைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து கார்ச்சாவியைத் தேட ஆரம்பித்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய். மிருதுளா சட்டையைக் கழற்றிக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போட்டிருந்த வெள்ளைப் பனியனிலும் சாயம் ஊறியிருந்தது.

வருத்தம் சொல்லத்தான் போனான். எதற்கு வருத்தப்படுவது என்றுதான் தெரியவில்லை. கறை இருந்ததே.

அவள் சட்டையைப் பிழிந்து வெயிலில் விரித்துப் பிடித்தாள்.

"போயிருச்சுங்களா?"

சும்மா இரு என்றது மனம். வாய் முந்திக்கொண்டது.

"இல்லீங்க. அந்த ஓரத்துல இன்னும் இருக்கு."

அவள் பார்த்தாள். இருந்தது. மறுபடியும் குழாய்க்கு அடியில் கொண்டுபோனாள்.

துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு நிரஞ்சன் அந்த வழியாகப் போனான். அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவள் லேசாகத் தலையசைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் ஓடினான்.

வேண்டாம் என்கிறாள் என்றே இவன் எடுத்துக்கொண்டான். முடிந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது.

அவள் கறையைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"போன மாசம் பொண்ணு பாக்க வந்தவரு, இதே மாதிரி உடைஞ்சிருந்தும் முதுகுல ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாருங்க."