புதன்கிழமைக்காரர்

"இன்னிக்காவது அந்தப் பழைய ஃபைலைப் புது வடிவத்துக்கு மாத்திடுங்கம்மா. வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கோம்கறதுக்காக ஒரு மனுஷனை வாரா வாரம் அலைய விடுறதா?" என்றார் கால்நடை டாக்டர், தன் வெள்ளைக் கோட்டைப் பிறாண்டும் பூனைக்குட்டியை ஒரு கையால் பிடித்தபடி.

வரவேற்பு மேசையில் இருந்தவளுக்குத் திக்கென்றது.

ஒன்பது வருஷமாக வந்துபோன நாய், பூனை, கிளி அத்தனையின் தடுப்பூசி விவரமும் அந்த ஃபைலில்தான். அது வீங்கிப்போய் எப்போது வேண்டுமானாலும் மக்கர் பண்ணலாமாம். அதைக் கவனிக்கப் புதன்தோறும் கம்ப்யூட்டர்காரர் வருவார். டாக்டர் அவருக்கு வைத்த பெயர் புதன்கிழமைக்காரர்.

மாற்றிவிட்டால் அவர் வர வேண்டியதே இல்லை. அவரும் தனிக்கட்டை, இவளும் தனிக்கட்டை. கல்யாணப் பேச்சே மறந்துபோன நாற்பத்தொரு வயதில், புதனன்று மட்டும் கண்ணாடியை இரண்டு தடவை பார்க்கிறவளுக்கு அது சின்ன விஷயமா?

"மாத்தினா பழைய பதிவெல்லாம் போயிடுமோன்னு பயமா இருக்கு மேடம்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. ஏன் சார், போயிடுமா?"

மேசைக்கு அடியில் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த புதன்கிழமைக்காரர் தலையை நீட்டினார். "போகாதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது மேடம். ஒரு தடவை மாத்திட்டா திரும்பப் பழசாக்கவும் முடியாது. இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போமே."

"ரெண்டு பேரும் சேர்ந்து கதை விடாதீங்க. இப்பவே மாத்துங்க. நான் இங்கேயே நிக்கறேன்," என்றார் டாக்டர், திரை தெரியாத எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு.

இனித் தப்பிக்க வழியில்லை. அவள் மவுஸை இழுத்தாள்.

"இருங்க, இருங்க, நான் பண்றேன்." அவசரமாக எழுந்ததில் அவர் மேசையில் நங்கென்று இடித்துக்கொண்டார். அதற்குள் அவள் 'மேம்படுத்து' என்பதை அழுத்திவிட்டாள்.

திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. 'இந்த ஃபைல் ஏற்கெனவே புதிய வடிவத்தில் உள்ளது.' கீழே, மாற்றிய தேதி. போன வருஷத்துத் தேதி. அதுவும் ஒரு புதன்கிழமை.

இரண்டு தடவை படித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உச்சந்தலையைத் தடவியபடி அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

அவள் கட்டத்தை மெதுவாக மூடினாள்.

"சார் சொல்றதுதான் சரி மேடம். இப்போதைக்கு மாத்த வேணாம்," என்றாள். "ஆனா ஃபைல் ரொம்ப மோசமா இருக்கு. இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து பார்த்தாத்தான் தாங்கும்."