செங்கமலம் நடந்த தூரம்

தினம் நாலாயிரம் அடி எடுத்து வைக்கிற நோயாளிக்குத்தான் இனி டயாலிசிஸ் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிழைக்க முயற்சி செய்யாதவர்களுக்கு மெஷினை வீணாக்க முடியாதாம். நடையை எண்ணுவதற்கு என் மனைவி செங்கமலத்தின் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். அவளால் கக்கூஸ் வரைக்கும் போவதே பெரும்பாடு. அதனால் பட்டையை நான் கட்டிக்கொண்டு நெல் மண்டிக்குப் போனேன். நாள் முழுக்க மூட்டை சுமக்கிறவனுக்கு நடைக்கா பஞ்சம்.

மாதம் முடிந்ததும் கடிதம் வந்தது. ஐம்பது வயதில் எழுத்துப் படித்தவன் நான். விரல் வைத்து வாசித்தேன். செங்கமலம் தினம் இருபதாயிரம் அடி நடக்கிறாளாம். பூரண குணமாம். அவள் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

மறுநாள் போய் நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அண்ணே, இதை வேற யார்கிட்டயும் சொல்லிராதீங்க. ஏமாத்துனதா எழுதிட்டா உங்க குடும்பத்துக்கே வைத்தியம் கிடையாது."

திரும்பி வந்தேன். செங்கமலத்துக்கு முகமும் காலும் வீங்கியிருந்தது.

"என்னங்க சொன்னாங்க?"

"உனக்குக் குணமாயிருச்சாம்."

அவள் போர்வையை விலக்கினாள்.

"அப்ப எந்திரிச்சு உலை வைக்கணும். கையைப் புடிங்க" என்றாள்.

பிடித்தேன்.