வடக்கே திரும்பிடும்

கடல் பக்கம் வானம் பித்தளை நிறத்தில் கனக்கிறது. ஓர் இலைகூட ஆடவில்லை. கரீபியக் கடல் தீவான டொமினிக்காவின் இந்த மலைச்சரிவில் புயலுக்கு முந்தைய பகல் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எவரிஸ்ட் தன் வாழைத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் இலைகளை வெட்டித் தள்ளுகிறான். மொட்டையாக நின்றால் காற்றுக்குப் பிடி கிடைக்காது, தண்டாவது தப்பும். வெட்டிக்கொண்டே புலம்புகிறான். "ஒண்ணுகூட மிஞ்சாது பாரு. கூரையும் சேர்ந்து போயிடும்." "உன் வாயில நல்லதே வராதாய்யா?" என்று வாசலில் நின்று சிரிக்கிறாள் அவன் மனைவி க்ளோத்தில். "அது வடக்கே திரும்பிடும். நாளைக்குக் காலையில இங்கயே உக்காந்து கோகோ டீ குடிப்ப. எல்லாம் போயிடும்னா எதுக்கு இப்படி வேர்க்க வேர்க்க வெட்டுற?" அவன் அடுத்த மரத்துக்குப் போகிறான். உள்ளே ரேடியோ கரகரக்கிறது. புயலின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அவள் சிரித்த முகத்தோடே கொட்டகைக்குப் போய் ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கிறாள். புயல் தலைமேல்தான் வருகிறது என்று நம்பினால் மட்டுமே இங்கே ஆட்டை அவிழ்த்துவிடுவார்கள், மேட்டுக்கு ஓடிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. எவரிஸ்டின் கத்தி பாதியில் நிற்கிறது. "போ" என்று தள்ளுகிறாள். ஆடு நாலடி போய்த் திரும்பி வந்து, வெட்டிப்போட்ட இலையைக் கடிக்கிறது. மறுபடி தள்ளுகிறாள், மறுபடி வருகிறது. "போய்த் தொலையேன், சனியனே!" குனிந்து கல்லை எடுத்து வீசுகிறாள். காலில் அடிபட்டுக் கத்திக்கொண்டே ஆடு மேட்டில் ஏறி ஓடுகிறது. க்ளோத்தில் அந்த வெறும் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு நிற்கிறாள்.